வேலையை விடும் உரிமை
வெளிநாடுகளில் பணிபுரியும் செவிலியர், பராமரிப்புப் பணியாளர் குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவு



தொழிலாளர் நலம் பற்றிப் பேசுவதற்கென்றே ஏற்படுத்தப்பட்ட அறக்கட்டளை இது. வெளிநாட்டு மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் வேலைக்கு எடுக்கப்படுகிறவர்களின் பணி உரிமைகளை இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு மணி நேரத்தில் உலகத்தைச் சுற்றிவர முடியாது. அதனால் பிரிட்டனில் 2022 முதல் நடந்ததை நடுவில் வைத்துக்கொண்டு பேசுகிறேன். அங்கே தொழிலாளர் சட்டம் இருக்கிறது, தீர்ப்பாயம் இருக்கிறது, தொழிற்சங்கம் இருக்கிறது, பத்திரிகைகள் விடாமல் எழுதுகின்றன. இத்தனை இருந்தும் பல்லாயிரம் பேர் நடுத்தெருவில் நின்றார்கள் என்றால், ஓட்டை எங்கே என்று பார்ப்பது நமக்குப் பயன்படும்.

சொல்லவருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘சரிப்படாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்ல முடிகிற தொழிலாளியால்தான் முதலாளியிடம் நியாயம் கேட்க முடியும். ஊரில் கடன் வாங்கிவிட்டு, ஒரே முதலாளியை நம்பிய விசாவோடு போகிறவரால் அப்படிச் சொல்ல முடியாது. கடன், விசா இரண்டையும் தொடாமல் எத்தனை சட்டம் போட்டாலும் அது ஏட்டில்தான் இருக்கும்.

1. ஊரில் தொடங்கும் கடன்

நம் செவிலியர்கள் ஏன் போகிறார்கள் என்பதற்கு நீண்ட ஆராய்ச்சி வேண்டாம். தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியம் பற்றி இந்தியச் செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில், குழு அமைத்துப் பார்க்கும்படி 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் கூறியது. ஐம்பது படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையில்கூட மாதச் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேற்பட்டவை அரசுச் செவிலியருக்கு இணையாகக் கொடுக்க வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. நடைமுறைப்படுத்தும் பொறுப்பு மாநிலங்களுக்குப் போனது. அதன் கதி என்னவென்று இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

படிப்புக் கடன் அடையாத நிலையில் அடுத்த செலவு வருகிறது: ஐஇஎல்டிஎஸ் அல்லது ஓஇடி ஆங்கிலத் தேர்வுக்கான வகுப்பு, தேர்வுக் கட்டணம், சான்றிதழ் சரிபார்ப்பு, பிறகு ஏஜென்ட். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பதிவுபெற்ற ஏஜென்ட் வேலை தேடுகிற ஒருவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு இன்று 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். அதற்கு ரசீது தர வேண்டும். நடப்பது வேறு. குவைத்துக்குச் செவிலியர்களை எடுத்த கொச்சி ஏஜென்சி ஒன்றின் மேல் 2015இல் வழக்கு வந்தபோது, 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் தலைக்கு 19.5 லட்சம் ரூபாய் வாங்கியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அதே ஆண்டு மத்திய அரசு, வளைகுடா நாடுகள் உள்ளிட்ட பதினெட்டு நாடுகளுக்குச் செவிலியர்களை அரசு நிறுவனங்கள் வழியாகவே எடுக்க வேண்டும் என்று விதித்தது. நம் மாநிலத்தில் 1978 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அந்த வரிசையில் ஒன்று.

நல்ல விதிதான். ஆனால் அந்தப் பதினெட்டு நாடுகளில் பிரிட்டன் இல்லை, ஜெர்மனி இல்லை, ஜப்பான் இல்லை. அங்கே போகும் செவிலியருக்குக் குடிபெயர்வு அனுமதியும் தேவையில்லை. படித்தவர்கள் தங்களைப் பார்த்துக்கொள்வார்கள் என்பது அரசின் எண்ணம். இதனால் யார், எந்த ஏஜென்ட் வழியாக, எந்த முதலாளியிடம் போனார்கள் என்ற பதிவே நம்மிடம் இருப்பதில்லை.

கடன் ஒருவரை எவ்வளவு தூரம் பிடித்துவைக்கும் என்பதற்கு 2014 ஜூலையை நினைத்துப் பாருங்கள். ஈராக்கின் திக்ரித் நகரில் சண்டைக்கு நடுவே சிக்கிய 46 இந்தியச் செவிலியர்கள் கொச்சிக்கு வந்துசேர்ந்தார்கள். பெரும்பாலோர் கேரளத்துக்காரர்கள், தூத்துக்குடிப் பெண் ஒருவரும் அவர்களில் இருந்தார். சம்பள பாக்கி வராமல் ஊருக்குத் திரும்பினால் கடனை எப்படி அடைப்பது என்று, குண்டு விழும் ஊரை விட்டுக் கிளம்பவே முதலில் சிலர் தயங்கியதாக அன்றைய செய்திகள் சொல்லின. குண்டுக்குக்கூட அசையவிடாமல் ஒருவரைக் கடன் பிடித்துவைக்கிறதென்றால், மேலாளரின் திட்டுக்கு அவர் வேலையை விடுவாரா?

2. பிரிட்டனில் திறந்த கதவு

2021–22இல் இங்கிலாந்தின் முதியோர், மாற்றுத்திறனாளர் பராமரிப்புத் துறையில் ஏறத்தாழ 1,65,000 பணியிடங்கள் காலியாகக் கிடந்தன. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பிறகு அங்கிருந்து ஆள் வருவது குறைந்தது. கொரோனாவில் களைத்த உள்ளூர்க்காரர்கள் அதே கூலிக்குக் கடை வேலைக்குப் போனார்கள். 2022 பிப்ரவரியில் பராமரிப்புப் பணியாளர்களுக்கும் ‘ஹெல்த் அண்ட் கேர்’ விசா திறக்கப்பட்டது. 2023–24இல் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாடுகளிலிருந்து அந்தத் துறைக்கு வந்தனர். இந்தியா, நைஜீரியா, ஜிம்பாப்வே நாட்டவர் அதில் மிகுதி. இங்கே ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவர்கள், ஆங்கிலத் தேர்வில் அரை மதிப்பெண் குறைந்ததால், அங்கே கேரர் எனப்படும் பராமரிப்புப் பணியாளராகப் போனார்கள்.

இந்த விசா ‘சி.ஓ.எஸ்.’ என்று எல்லோரும் சொல்லும் ஸ்பான்சர்ஷிப் சான்றிதழின் மேல் நிற்கிறது. உரிமம் பெற்ற முதலாளி இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்பி, 2025 ஏப்ரலுக்கு முன்பு 239 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 25,000 ரூபாய் கட்டினால் அது கிடைத்துவிடும். அந்தக் கட்டணம் முதலாளியுடையது. வேலை தேடுகிறவரிடம் வேலை வாங்கிக் கொடுத்ததற்குப் பணம் வாங்குவதை பிரிட்டனின் 1973ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு முகமைச் சட்டமே தடுக்கிறது. இருந்தும் இந்தச் சான்றிதழ் பத்து, பதினைந்து லட்சத்துக்கு விற்றது. “மேடம், இப்ப பாதி குடுங்க, சி.ஓ.எஸ். கைக்கு வந்ததும் மீதியக் கட்டிடுங்க” என்ற பேச்சைக் கேட்காத நர்சிங் விடுதி நம் ஊரில் குறைவாகத்தான் இருக்கும்.

விற்றவர்களை யார் பார்த்தார்கள்? எல்லை, குடியேற்றத் துறைகளின் தலைமை ஆய்வாளராக இருந்த டேவிட் நீல் எழுதி 2024 மார்ச்சில் வெளியான அறிக்கையில் இரண்டு செய்திகள் உள்ளன. இல்லாத ஒரு முதியோர் இல்லத்தின் பெயரில் 275 சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருந்தன. தன்னிடம் நான்கே ஊழியர்கள் என்று சொன்ன இன்னொரு நிறுவனத்துக்கு 1,234 சான்றிதழ்கள். உரிமம் பெற்ற 1,600 முதலாளிகளுக்கு ஒரு கண்காணிப்பு அலுவலர் என்ற அளவில்தான் ஆள் இருந்தது. ஆள் வேண்டும் என்ற அவசரத்தில் அரசு கதவைத் திறந்ததே தவிர, வாசலில் காவலாளியை வைக்கவில்லை.

பிறகு அதே அவசரத்தில் சாத்தியது. 2024 மார்ச் 11 முதல், புதிதாக வரும் பராமரிப்புப் பணியாளர் குடும்பத்தை அழைத்துவர முடியாது. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கேரர் எடுப்பதே நின்றது. கதவு மூடிவிட்டதால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். வந்தவர்கள் உள்ளே இருக்கிறார்கள். அவர்களின் நிலைமையைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

3. ஒரு நாள், ஒரு சம்பளச் சீட்டு

முதியோரின் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலையை எடுத்துக்கொள்வோம். முந்தின இரவு கைப்பேசிச் செயலியில் ரோட்டா, அதாவது பணி அட்டவணை, வரும். காலை ஏழு மணிக்கு முதல் வீடு: முதியவரை எழுப்பி, கழுவி, டயாபர் மாற்றி, மாத்திரை கொடுத்து, காலை உணவு வைக்க அரை மணி நேரம். அடுத்த வீடு ஆறு மைல் தள்ளி. அங்கே படுக்கையோடு இருப்பவரை ஹாய்ஸ்ட் என்ற தூக்குக் கருவியில் தூக்க இரண்டு பேர் வேண்டும். கூட வரவேண்டியவர் வரும்வரை காரிலேயே காத்திருக்க வேண்டும். கார் சொந்தக் கார், பெட்ரோல் பெரும்பாலும் சொந்தப் பணம். இப்படியே மதியம், மாலை, இரவு பத்து மணிவரை.

இப்போது கணக்கு போடுவோம். விளக்கத்துக்காக நான் போடும் கணக்கு இது. வீடுகளுக்குள் இருந்த நேரம் 9 மணி, வீட்டுக்கு வீடு பயணம் 3 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரலுக்குப் பின் இந்த விசாவுக்குரிய குறைந்த ஊதியம் மணிக்கு 12.82 பவுண்டு. சம்பளச் சீட்டில் 9 மணி நேரம்தான் இருக்கும்: 115.38 பவுண்டு. ஆனால் உழைத்தது 12 மணி. வகுத்துப் பார்த்தால் மணிக்கு 9.62 வருகிறது. அவ்வாண்டு நாட்டின் குறைந்தபட்சக் கூலி 12.21. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரமும் வேலை நேரம் என்பது பிரிட்டனின் குறைந்தபட்சக் கூலி விதியிலேயே உள்ளது. ஆக நாளுக்கு 31 பவுண்டு குறைகிறது. மாதம் 22 நாள் என்றால் 685 பவுண்டு. நம் பணத்தில் எழுபதாயிரத்தைத் தாண்டும். சீட்டில் மணிக்கு 12.82 என்று அச்சடித்திருக்கும். பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும்.

இது வேலை கிடைத்தவர் கதை. வாரம் 39 மணி நேரம் என்று ஒப்பந்தத்தில் போட்டுக் கூட்டிவந்துவிட்டு, பத்து மணி நேரம் வேலை கொடுத்தவர்களும் உண்டு, ஒன்றுமே கொடுக்காதவர்களும் உண்டு. அரசின் பொது உதவித் திட்டங்கள் இந்த விசாக்காரர்களுக்கு இல்லை. ஒரே அறையில் ஐந்தாறு பேர், குருத்வாராவிலும் தேவாலயத்திலும் சாப்பாடு என்று நாட்களைத் தள்ளினார்கள்.

4. புகார் கொடுத்தால் யாருக்குத் தண்டனை?

‘ஏன் புகார் கொடுக்கவில்லை?’ என்று கேட்கத் தோன்றும். குறைந்தபட்சக் கூலியைக் கேட்டதற்காக ஒருவரை நீக்கினால், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே அது சட்டவிரோத நீக்கம். ஏகாஸ் என்ற சமரச அமைப்பு இலவசமாக உதவும். தொழில் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடக் கட்டணம் கிடையாது. எல்லாம் சரி.

ஆனால் வேலை போனால் முதலாளி பத்து வேலை நாளுக்குள் உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். உள்துறை கடிதம் அனுப்பி விசாவை 60 நாட்களாகச் சுருக்கும். அதற்குள் உரிமம் பெற்ற இன்னொரு முதலாளியைப் பிடித்து, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இல்லையென்றால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். தீர்ப்பாயத்தில் வழக்கு முடியப் பல மாதங்கள், சில வேளை ஓராண்டுக்கு மேலும் ஆகும். வழக்கில் வெல்லலாம், வெல்லும்போது வென்றவர் அந்த நாட்டில் இருக்க மாட்டார்.

துணிந்து போனவர்களும் இருக்கிறார்கள். சொன்னபடி வேலை தரவில்லை என்று கேட்டதால் நீக்கப்பட்ட இந்தியர் ஒருவர் தொடுத்த வழக்கில், இறுதி விசாரணை வரை அவருக்குச் சம்பளம் கொடுத்துவர வேண்டும் என்று 2024இல் தீர்ப்பாயம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. அரிதாகக் கிடைக்கும் ஆணை அது. மற்றவர்களுக்கு நம்பிக்கை தந்தது. ஆனால் ஒருவர் நீந்திக் கரையேறியதை வைத்து ஆற்றுக்குப் பாலம் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. மோசடி முதலாளியை அரசு பிடித்தால் அவருடைய உரிமத்தை ரத்து செய்யும். 2022 ஜூலைக்கும் 2024 டிசம்பருக்கும் இடையில் பராமரிப்புத் துறையில் 470க்கு மேற்பட்ட உரிமங்கள் ரத்தாயின. அவற்றோடு தொடர்புடைய தொழிலாளர்கள் 39,000க்கு மேல். அதாவது முதலாளி செய்த குற்றத்துக்குத் தொழிலாளியின் விசா போகிறது. இதைப் பார்த்த பிறகு யார் புகார் கொடுப்பார்? தான் கொடுக்கும் புகாரால் கூட வேலைபார்க்கும் இருபது பேருக்கும் 60 நாள் கடிதம் வரும் என்று தெரிந்தால், அந்த இருபது பேருமே “பேசாம இரு அக்கா” என்று வாயைப் பொத்திவிடுவார்கள். மேற்பார்வை கடுமையாகக் கடுமையாகத் தொழிலாளி வாய் மூடுகிற விசித்திரம் இப்படித்தான் உண்டாகிறது.

அரசு கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2025 ஏப்ரல் 9 முதல், வெளிநாட்டிலிருந்து கேரரை எடுக்கும் முன் உள்நாட்டிலேயே ஸ்பான்சரை இழந்து நிற்பவர்களை எடுக்கப் பார்க்க வேண்டும் என்று விதி வந்தது. நல்ல நோக்கம். ஆனால் புது முதலாளி கிடைப்பது இன்னமும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. மறுபக்கம், நிரந்தர வசிப்புரிமைக்குத் தகுதி பெறும் காலத்தை ஐந்தாண்டிலிருந்து கேரர் போன்றோருக்குப் பதினைந்தாண்டு வரை நீட்டும் முன்மொழிவை 2025 நவம்பரில் அரசு வைத்தது. ஸ்பான்சரை நம்பியிருக்க வேண்டிய காலம் நீளும்தோறும், சொல்லாமல் விழுங்கும் குறைகளும் பெருகும்.

5. ‘பாண்டு’ என்னும் பூட்டு

செவிலியருக்கு வேறொரு பூட்டு உண்டு. விமானக் கட்டணம், தேர்வுக் கட்டணம், பயிற்சி எல்லாம் முதலாளி கட்டுவார். இரண்டு, மூன்று ஆண்டுக்குள் விட்டுப்போனால் திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தம். இதுதான் ‘பாண்டு’. முதலாளி பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். செலவழித்து அழைத்துவந்தவர் மூன்றாம் மாதமே வேறு மருத்துவமனைக்குப் போனால் சிறிய மருத்துவமனைக்கு அடிதான். அதனால்தான் இங்கிலாந்தின் அறநெறி ஆளெடுப்பு விதித்தொகுப்பு, 2022 ஆகஸ்ட் திருத்தத்தில், திருப்பிக் கேட்பதை முற்றாகத் தடுக்காமல் எல்லை வகுத்தது: கேட்கும் தொகை முன்கூட்டியே தெரிய வேண்டும், உண்மையான செலவுக்கு ஒத்திருக்க வேண்டும், வேலை பார்த்த காலத்துக்கேற்பக் குறைய வேண்டும், கொடுமைக்கு ஆளாகி விலகியவர் போன்ற நேர்வுகளில் நெகிழ்வு வேண்டும்.

எல்லை தாண்டினால் அது என்னவாகும் என்பதை நியூயார்க் காட்டியது. 2006இல் லாங் ஐலண்டில் ஊதியமும் பணிநேரமும் சொன்னபடி இல்லை என்று பிலிப்பைன்ஸ் செவிலியர் பத்துப் பேர் ஒரே நேரத்தில் ராஜினாமா செய்தார்கள். நோயாளிகளைக் கைவிட்டார்கள் என்று அவர்கள் மேலேயே கிரிமினல் வழக்கு வந்தது. 2009இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வழக்கை நிறுத்தியது. காரணம் காட்டியது அடிமைமுறையை ஒழித்த பதின்மூன்றாம் திருத்தத்தை: வேலையை விட்டதற்காக ஒருவரைத் தண்டிப்பது அவரைக் கட்டாய உழைப்பில் வைப்பதாகும். பிறகு 2019இல், வேறு செவிலியர்கள் தொடுத்த வழக்கில், ஒப்பந்தத்தை முறித்தால் 25,000 டாலர் என்ற நிபந்தனை ஆள்கடத்தல் தடுப்புச் சட்டத்துக்கு விரோதம் என்று கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கதவைப் பூட்டவில்லை, பாஸ்போர்ட்டைப் பிடுங்கவில்லை. கட்ட முடியாத தொகை ஒன்றே கட்டாய உழைப்பாக முடியும் என்று நீதிமன்றம் ஏற்றது.

6. செய்யக்கூடியவை

இவற்றுக்கெல்லாம் வழி எங்காவது இருக்கிறதா? இருக்கிறது.

கனடா 2019 ஜூனிலிருந்து, கொடுமைக்கு ஆளானதாகக் காட்டும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு எந்த முதலாளியிடமும் வேலை பார்க்கும் திறந்த அனுமதி தருகிறது. நியூசிலாந்து 2021இல், சுரண்டப்பட்டதைப் புகார் செய்தவருக்குத் தனி விசா கொண்டுவந்தது. ஆஸ்திரேலியா 2024 ஜூலையிலிருந்து, வேலையை இழந்தவருக்குப் புது ஸ்பான்சர் தேட ஒரே தடவையில் 180 நாள், மொத்தத்தில் 365 நாள் அவகாசம் கொடுத்து, அதுவரை வேறு வேலை பார்க்கவும் அனுமதித்தது. இந்த ஏற்பாடுகளில் குறைகள் உண்டு. விண்ணப்பம் தாமதமாகிறது, சாட்சி கேட்கிறார்கள். ஆனாலும் புகார் கொடுத்தவர் நாட்டிலேயே இருந்து வழக்கைப் பார்க்க முடிகிறது. பிரிட்டனிடம் நாம் கேட்க வேண்டியது இதுதான்: 60 நாளை நீட்டுங்கள், விசாவை ஒரு முதலாளியோடு கட்டாமல் பராமரிப்புத் துறை முழுவதற்கும் கொடுங்கள். அங்குள்ள யூனிசன், ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் போன்ற சங்கங்கள் இதற்காகக் குரல் கொடுத்துவருகின்றன.

அனுப்பும் நாட்டுக்கும் பொறுப்பு உண்டு. பிலிப்பைன்ஸின் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வெளிநாட்டு முதலாளி சம்பளம் தராவிட்டால் அவரோடு சேர்ந்து மணிலாவிலுள்ள ஏஜென்சியும் பொறுப்பு. லண்டனில் ஏமாந்தவர் சொந்த ஊரில் வழக்குப் போட்டு வசூலிக்கலாம். ஏஜென்ட் பொய் முதலாளிக்கு ஆள் அனுப்பத் தயங்குவான், ஏனென்றால் நட்டம் அவன் பையிலிருந்து போகும். 1983 சட்டத்துக்கு மாற்றாக நம் மத்திய அரசு 2021இலும் 2025இலும் வரைவு மசோதாக்களை வெளியிட்டது. ஏஜென்ட்டின் கூட்டுப் பொறுப்பு, எந்த நாட்டுக்குப் போனாலும் பதிவு என்ற இரண்டும் இல்லாமல் புதுச் சட்டம் வந்தால் பழைய கள் புது மொந்தையில் என்றுதான் ஆகும்.

அடுத்து எந்தக் கதவு திறக்கும் என்பதும் தெரிந்ததே. ஜெர்மன் வகுப்புகளும் ஜப்பானியப் பராமரிப்புப் பயிற்சிகளும் நம் மாவட்டத் தலைநகரங்கள் வரை வந்துவிட்டன. மொழி மாறும், நாணயம் மாறும். கேட்க வேண்டிய கேள்விகள் மாறா. செலவு யாருடையது? முதலாளியை மாற்ற எத்தனை காலம் ஆகும்? மாற்றினால் என்ன கட்ட வேண்டும்?

மாணவிகளே, மாணவர்களே, உங்களுக்கு நேரடியாகச் சில சொற்கள். ஏஜென்ட்டின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். பிரிட்டனில் ஸ்பான்சர் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அந்நாட்டு அரசு இணையத்திலேயே வெளியிடுகிறது. ஆனால் பட்டியலில் பெயர் இருந்ததாலேயே ஒரு நிறுவனம் நல்லதாகிவிடாது என்பதை மேலே பார்த்தோம். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஒப்பந்தத்தின் நகலை வீட்டில் ஒன்று வைத்துவிட்டுப் போங்கள். போனபின் ரோட்டாவை அன்றன்றைக்கே படம் எடுத்துச் சேமியுங்கள். செயலி முதலாளியுடையது, வேலையை விட்டு நீக்கிய அன்றே திறக்காது. முதல் மாதச் சம்பளத்தில் சங்கத்தில் சேருங்கள். தொல்லை வந்தபின் சேர்ந்தால் பழைய தொல்லைக்குச் சங்கம் வழக்கறிஞரைத் தருவது அரிது.

கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊசி போடுவதற்கும் கட்டுக் கட்டுவதற்கும் செய்முறைத் தேர்வு வைக்கிறீர்கள். இறுதியாண்டில் ஒரு வேலை ஒப்பந்தத்தைக் கையில் கொடுத்து, இதில் எந்த நிபந்தனை உன்னைக் கட்டிப்போடும் என்று கண்டுபிடிக்கச் சொல்லும் ஒரு தேர்வையும் சேருங்கள். வெளிநாடு போன பழைய மாணவர்களிடம் முதலாளி யார், ஏஜென்ட் யார், எவ்வளவு வாங்கினார் என்று கேட்டு ஒரு பதிவேடு வையுங்கள். அடுத்த ஆண்டு அதே ஏஜென்ட் உங்கள் வாசலுக்கு வரும்போது அந்தப் பதிவேட்டை எடுத்து முன்னால் வையுங்கள். அயலகத் தமிழர் நலத் துறைக்கு அதன் ஒரு படி அனுப்புங்கள். அரசிடம் இல்லாத கணக்கை நாமே எழுதத் தொடங்கினால், பிறகு அரசும் கேட்டு வாங்கும்.